சம்பந்தி சாவி

எங்கள் குடியிருப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. எல்லா வீட்டுக்கும் பச்சைக் கதவு. விளம்பரத்தில் நகரத்திலிருந்து நாற்பதே நிமிடம் என்று போட்டிருந்தார்கள். எதில் போனால் என்று போடவில்லை. காக்கையாகப் பறந்து போனால் நாற்பது நிமிடம் ஆகலாம். பஸ்ஸில் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம்.

எங்களைப் போன்றவர்கள் கையில் வைத்திருந்த பணத்துக்குச் சொந்த வீடு என்றால் இங்கேதான் கிடைக்கும். வந்துவிட்டோம். குறை சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை, காலை ஆறரைக்குள் தெருவே காலியாகிவிடும். கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் வெயிலும் நாய்களும் நானும்தான். நான் வீட்டிலிருந்தபடி மருந்து கம்பெனிக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பெட்டி. தெருவில் என் பெயரே பெட்டிக்காரிதான்.

சாவி விஷயத்தைக் கண்டுபிடித்த பெருமை என் வீட்டுக்காரரைச் சேரும். அவர் லிஃப்ட் மெக்கானிக். குடிவந்த இரண்டாவது மாதம், ஏதோ ஒரு கட்டடத்தில் பாதி நாள் தொங்கிவிட்டு, களைத்துப்போய் வந்தவர், பூட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, ஃபேனைப் போட்டு உட்கார்ந்து, "தண்ணி கொண்டா" என்று கத்தியிருக்கிறார். தண்ணீர் வந்தது. கொண்டுவந்தது நான் இல்லை. மூன்று வீடு தள்ளியிருக்கும் டீச்சர். அந்த அம்மாள் பதறவே இல்லையாம். "குடிச்சிட்டுப் போங்க சார், உங்க வீடு அந்தப் பக்கம்" என்றாராம். இவர் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே சாவியும் கையுமாக அலைந்தது. வீடு கட்டியவன் பூட்டை மொத்தமாக, மலிவாக வாங்கியிருக்கிறான். முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுக்கு ஏழே ஏழு வகைச் சாவி. எங்கள் சாவிக்கு நாற்பத்து மூன்று கதவு திறந்தது. "பொண்ணு குடுக்கல, பொண்ணு எடுக்கல, சம்பந்தம் மட்டும் முடிஞ்சுபோச்சே" என்றார் டீச்சர். அன்றிலிருந்து ஒரே சாவி உள்ள வீடுகள் எல்லாம் சம்பந்தி வீடுகள்.

பூட்டை மாற்றவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முதலில் சோம்பேறித்தனம்தான். அப்புறம் அதன் அருமை தெரிந்தது. அடுப்பை அணைக்காமல் வேன் ஏறிவிட்டால் சம்பந்திக்கு ஒரு போன். மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியைச் சம்பந்தி எடுத்து உள்ளே போடுவார். சாவியைத் தொலைத்துவிட்டு வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெருவில் நிற்கவேண்டாம். நாலு வருடத்தில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. பிறகு பூட்டு மாற்றுவது என்பதே அசிங்கமான பேச்சாகிவிட்டது. ஊரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம் அது.

எங்களுக்கு வலதுபக்கச் சுவரை ஒட்டிய வீடும் சம்பந்தி வீடுதான். அந்த வீட்டுப் பையன் பார்சல் வேன் ஓட்டுகிறான். மூன்று நாள் வெளியூர், ஒரு நாள் வீடு. அவன் மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. உள்ளே போகும்போதே போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பத்தரைக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை அவள் வெளியே வந்து பேசலாம். நடுவில் உலகம் அழிந்தாலும் அவளுக்குத் தெரியாது.

போன வருடம் பையனின் அப்பா அவர்களோடு வந்து சேர்ந்தார். ஒரு லாட்ஜில் முப்பத்தெட்டு வருடம் ரூம்பாய். அறுபத்தாறு வயதிலும் ரூம்பாய்தான், அந்த வேலையில் எத்தனை வயதானாலும் பாய்தான். லாட்ஜை இடித்துவிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அவருடைய கட்டிலும் அதோடு போயிற்று. நல்ல மனிதர். என்னைப் பார்த்தால் லேசாகக் குனிந்து, "வணக்கம்மா, ஏதாச்சும் வேணுமா?" என்பார். எனக்கு அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் ரொம்பப் பிடித்திருந்தது.

ஆறேழு மாதம் சரியாகத்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் டீச்சர் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அக்கா, எம் புருஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"ஏன், என்ன பண்றாரு?"

"கட்டில்ல விரிப்பைச் சுருக்கம் இல்லாம விரிச்சு வச்சிருக்காரு. துண்டை மடிச்சுக் கால்மாட்டுல வச்சிருக்காரு. பாத்ரூம் கண்ணாடியைத் தொடச்சிருக்காரு. கேட்டா நான் இல்லேங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மறுநாளே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வெள்ளை முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, தலையை வழித்து வாரிக்கொண்டு, கையில் சாவியோடு பக்கத்து வீட்டுப் பெரியவர் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு கதவிலும் விரல்முட்டியால் மூன்று தட்டு. "ரூம் சர்வீஸ்" என்று ஒரு குரல். பத்து எண்ணும் நேரம் காத்திருப்பார். அப்புறம் திறந்துகொண்டு உள்ளே போவார். திறக்காத கதவென்றால், "ஆள் இருக்காங்க போல" என்று சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

நாற்பத்து மூன்று கதவு திறக்கும் சாவி கையில் இருக்கும்போது அவர் மட்டும் வேறு என்ன நினைப்பார்? முப்பத்தெட்டு வருடம் அவர் கையில் இருந்ததும் அப்படி ஒரு சாவிதானே.

பெரியவரின் மருமகளிடம் சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அன்று மாலை ஒவ்வொரு சம்பந்தி வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். ஒருவரும் கோபப்படவில்லை. படுவார்களா? விடியாமலே எழுந்து ஓடி, பொழுது சாய்ந்து செத்துப்போய்த் திரும்பி வருகிறவர்களுக்கு விரித்த படுக்கை கிடைத்தால் கசக்குமா? "வரட்டும்மா, நம்ம வீட்டுப் பெரியவர்தானே" என்றார்கள். சிலர் அவருக்கென்று மேஜைமேல் ஒரு வாழைப்பழமோ ரெண்டு பிஸ்கட்டோ வைத்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர்கூட, "இன்னைக்கு நம்ம ரூமுக்கு வரலையா?" என்று கேட்க ஆரம்பித்தார். மூன்று மாதம் எங்கள் தெரு ஒரு பெரிய லாட்ஜாக இருந்தது. பொய் சொல்வானேன், நாங்கள் எல்லோரும் அதை அனுபவித்தோம். அந்தத் தலைக்குள் என்ன கரைந்துகொண்டிருக்கிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

கடைசி வரிசையில் ஒரு நர்ஸ் தனியாகக் குடிவந்தாள். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவள். அவள் பூட்டும் எங்கள் சம்பந்தி. அதை யாராவது அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். டீச்சர் சொல்வார் என்று நானும், நான் சொல்வேன் என்று டீச்சரும் இருந்துவிட்டோம்.

ஒரு நாள் பதினொரு மணிக்கு ஒரு அலறல் கேட்டது. கையிலிருந்த பெட்டியோடு ஓடினேன். நர்ஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரோடு சுவராக நிற்கிறாள். பெரியவர் வாசலில் குனிந்து நிற்கிறார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. தட்டினேன். ரூம் காலியாயிடுச்சுன்னு நெனச்சேன். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்கம்மா. முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு புகார் கிடையாதும்மா எம்மேல."

"யாருக்கா இவரு? எப்படிக்கா உள்ள வந்தாரு? பூட்டித்தானே படுத்தேன்?"

சாவி கதையைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் குன்றிப்போனேன்.

"நாப்பத்து மூணு வீட்டுல இருக்கிறவங்ககிட்ட என் வீட்டுச் சாவி இருக்கு. அதை ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லல. அவ்வளவுதானேக்கா?"

நான்கு வருடம் எங்களுக்குப் பெருமையாக இருந்தது அவள் வாயில் வந்தபோது அவ்வளவு கேவலமாக இருந்தது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அன்று சாயங்காலமே தச்சர் ஒருவர் மிஷினோடு வந்து அவள் கதவைத் துளைத்துப் புதுப் பூட்டு போட்டார்.

அந்தச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. ஒரு வீட்டில் போட்டபிறகு பக்கத்து வீட்டில் யோசனை வந்தது. "வயசுப் பொண்ணு இருக்கே" என்று ஒருவர். "அன்னைக்கு அவரு எங்க அடுப்புல வெந்நி வச்சிட்டு மறந்துட்டாரு" என்று ஒருவர். தச்சர் பத்து நாள் எங்கள் தெருவை விட்டுப் போகவே இல்லை. டீச்சர் மாற்றினார். கடைசியில் நாங்களும் மாற்றினோம். "எல்லாரும் மாத்திட்டாங்க, நாம மட்டும் ஏன்?" என்றார் என் வீட்டுக்காரர். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் கதவைத் துளைத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடிய நேரம் முழுக்கப் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

பெரியவர் மறுநாளும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று தட்டு, ரூம் சர்வீஸ், பத்து எண்ணிக்கை. சாவியை நுழைப்பார். திரும்பாது. சாவியைத் துடைத்துப் பார்ப்பார். மறுபடி நுழைப்பார். அப்படியே கடைசி வீடுவரை போய்விட்டு வெயிலில் திரும்பி வந்து என் வாசலில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கய்யா."

"என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்கய்யா."

"பின்ன ஏம்மா பூட்டை மாத்துனாங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. நானே சாவியைக் குடுத்துட்டுப் போயிருப்பேனே."

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அன்று முழுக்க அவருக்குப் பெட்டி மடிக்கக் கொடுத்தேன். அடடா, என்ன கை அது! மடிப்பு மடிப்பாக, மூலை மூலையாக, என்னைவிட வேகமாக மடித்தார். சரி, இதுதான் வழி, இவரை நான் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் பதினொன்றரைக்கு விருட்டென்று எழுந்தார். "பன்னெண்டு மணிக்கு ரூமெல்லாம் காலியாகும்மா, நான் இங்க உக்காந்திருந்தா யாரு பாக்கிறது?" என்று கிளம்பிவிட்டார். கையைப் பிடித்தேன். உதறின வேகத்தில் நான் பெட்டிக் குவியல்மேல் விழுந்தேன். அவர் அழுதுகொண்டே ஓடினார். தெருவில் ஒரு கதவும் திறக்காததால் பெரிய ரோட்டுக்குப் போய்விட்டார். எதிரில் வந்த தண்ணி லாரிக்காரர் எப்படியோ பிரேக் போட்டு, திட்டி, பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, தானே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "வீட்டுல ஆள் இல்லையா? கட்டியாவது போடுங்க" என்றார்.

அது நடந்தது பதினொன்று ஐம்பதுக்கு. மருமகளுக்கு ஒரு மணிக்குத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பையனும் வீட்டில் இருந்தான். மூவருமாக என் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம்.

"நான் வேலையை விட்டுடறேன்" என்றாள் அவள்.

"விட்டா?" என்றான் அவன். வீட்டுத் தவணைக்கு இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. எங்களுக்கும்தான்.

"முதியோர் இல்லத்துல விசாரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இடமில்லையாம் அக்கா. பேரு எழுதி வச்சிருக்கோம். நமக்கு முன்னால தொண்ணூறு பேரு."

"டாக்டர்?"

"இதுக்கு மருந்து கிடையாது, பக்கத்துல ஆள் இருக்கணும்னாரு. ஆளுக்கு எங்க போறது? வேலையை விட்டா வீடு போயிடும். வேலைக்குப் போனா இவரு போயிடுவாரு. நான் என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க."

பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சின்ன வயதில் அப்பாவை மாதத்துக்கு ஒரு நாள்தான் பார்த்தவன். பக்கத்தறையில் பெரியவர் எங்கள் தலையணையைத் தட்டித் தட்டிச் சரிசெய்வது கேட்டது.

"பூட்டிட்டுப் போகவேண்டியதுதான்" என்றான் அவன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கதவில் இருக்கும் பூட்டை உள்ளிருந்தே திறந்துவிடலாம் என்பதால், வெளியே ஒரு கொக்கி அடித்துத் தொங்குபூட்டு போடுவதென்று முடிவாயிற்று. கேஸ் இணைப்பைக் கழற்றி வைத்துவிடுவது, கத்தி, தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுவது, சோறும் முட்டையும் மூடிவைப்பது, பிளாஸ்கில் டீ. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள், ஒன்றையும் மறக்கக்கூடாது என்பது போல. கொக்கி அடிக்க அதே தச்சர்தான் வந்தார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவள் என் கதவைத் தட்டினாள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சாவியை என் கையில் வைத்து மூடினாள்.

"அக்கா, இது ரெண்டாவது சாவி. அவசரத்துக்கு மட்டும். அவரு கூப்பிட்டாருன்னு மட்டும் தொறந்துடாதீங்க. கெஞ்சினாலும் தொறக்காதீங்க. உங்க கால்ல விழறேன்."

"போம்மா, வேன் போயிடும்."

"மாமா கேட்டாருக்கா, ஏம்மா வெளிய பூட்டுறேன்னு. ரூமுக்குப் புதுசா ஆள் வராங்க மாமா, சாமான் இருக்கு, நீங்க பாத்துக்கங்கன்னு சொன்னேன். சரிம்மான்னுட்டாரு. அவ்வளவு நம்பிட்டாருக்கா." ஓடினாள்.

சாவியை ஆணியில் மாட்டினேன். இந்தத் தெருவில் இப்போது என்னிடம் இருக்கும் ஒரே சம்பந்தி சாவி அது.

எட்டு மணிவரை சத்தம் இல்லை. எட்டு மணிக்குத் தட்டல் ஆரம்பித்தது. அதே மூன்று தட்டு, உள்ளிருந்து. "ரூம் சர்வீஸ்." பிறகு பத்து எண்ணும் நேரம். மறுபடி மூன்று தட்டு. எங்கள் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று சொன்னேனா? அங்கே டம்ளர் வைத்தால் இங்கே கேட்கும். நான் பெட்டி மடித்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு தட்டு விழுந்தது. ரேடியோவைப் போட்டேன். அதையும் தாண்டிக் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

பத்தரைக்கு அவள் போன் செய்தாள். பின்னால் மிஷின் சத்தம்.

"அக்கா, என்ன பண்றாரு?"

"தூங்குறாரும்மா. சத்தமே இல்ல."

"சாப்பிட்டாரா?"

"மூடி தெறக்கிற சத்தம் கேட்டுச்சு. சாப்பிட்டிருப்பாரு. நீ உன் வேலையைப் பாரு."

நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் தட்டினார். போனைக் கையால் பொத்திக்கொண்டேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ. உடனே வைத்துவிட்டாள்.

பதினொன்றரைக்குத் தட்டல் மாறியது. முட்டியால் தட்டியவர் உள்ளங்கையால் அடிக்க ஆரம்பித்தார். "யாராச்சும் இருக்கீங்களா? சார்! மணியாச்சு சார்! விரிப்பு மாத்தணும் சார்!" குரல் உடைந்திருந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பச்சைக் கதவின் முன்னால் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பூட்டில் சாவியை நுழைத்தும்விட்டேன். திருப்பினால் திறந்துவிடும். திறந்தால் அவர் ஓடுவார். ஓடினால் கதவெல்லாம் பூட்டியிருக்கும். பிறகு பெரிய ரோடு. அந்த லாரிக்காரரைப் போல எல்லாரும் பிரேக் போடுவார்களா? கையிலேயே சாவி இருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த மாதிரி ஒரு நிலைமை என் எதிரிக்கும் வரக்கூடாது.

"சார்! சார்!"

கதவு அதிர்ந்தது. எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. சாவியை உருவிக்கொண்டு, ரூமில் தங்க வந்தவள் மாதிரி குரலை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ரூம்ல ஆள் இருக்கோம். அப்புறம் வாங்க."

அடி சட்டென்று நின்றது. பிறகு, பழைய குரலில், நிதானமாக, "ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா. தெரியாம தட்டிட்டேன்" என்றார். சட்டையை இழுத்துச் சரிசெய்யும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"பரவாயில்லைங்க."

"எத்தனை நாள் தங்குவீங்கம்மா? விரிப்பு எடுத்து வைக்கணும், அதான்."

பதினாறு வருடம் என்று வாய்வரை வந்தது.

"கொஞ்ச நாள் ஆகுங்கய்யா."

"சரிங்கம்மா. நல்லாத் தூங்குங்க. ஏதாச்சும் வேணும்னா ஒரு குரல் குடுங்க" என்றார் அவர் உள்ளேயிருந்து. "நான் வெளியிலதான் நிக்கிறேன்."